சுண்டிக்குளமா, தொண்டைமானாறா, வழுக்கையாறா? ஒரு நாள் கையில் இருந்தால் எங்கே போவது

கார்த்திகை பிறந்ததும் ஒரே கேள்வி யாழ்ப்பாணத்தில் பல வீடுகளிலிருந்தும் வரத் தொடங்கும். "பிள்ளையள் கனடாவில இருந்து வருகினம். கோட்டையும் கசூரினாவும் போன முறையே பாத்தாச்சு. தண்ணி, மரம், பறவை எண்டு ஆறுதலா ஒரு நாள் இருந்திட்டு வர எங்க போகலாம்?" வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போக இடம் தேடும் ஆசிரியர்களும் இதையே கேட்கிறார்கள். கடைசியில் பேச்சு மூன்று பெயர்களில் வந்து நிற்கும்: சுண்டிக்குளம், தொண்டைமானாறு, வழுக்கையாறு. மூன்றுமே எனக்குப் பிடித்த இடங்கள். ஆனால் தவறான மாதத்தில், தவறான ஆட்களோடு போனால் மூன்றுமே ஏமாற்றும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. நமது சுண்ணாம்புக்கல் தரை மழையை உறிஞ்சி நிலத்தடியில் வைத்துக் கிணறுகளுக்குக் கொடுக்கிறது. தரை குடித்தது போக மிஞ்சுவதுதான் பள்ளம் தேடி ஓடிக் கடல்நீரேரிகளில் விழுகிறது. ஆகவே நமக்கு வாய்த்த ஆற்றங்கரைகள் மாரியில் நிறைந்து கோடையில் வற்றுபவை. இடத்தைத் தெரிவதற்கு முன் நாட்காட்டியைப் பாருங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

## எதை வைத்து முடிவெடுப்பது

முதலாவது, மாதம். ஐப்பசி முதல் மார்கழி வரை மழை. தையும் மாசியும் தண்ணீரும் இருக்கும், வானமும் தெளிந்திருக்கும். பங்குனியில் கரைகள் வெடிக்கத் தொடங்கும். வைகாசிக்குப் பிறகு சோளகக் காற்று வீசும்போது உப்புத் தரவையில் நிற்பவரின் கண்ணில் மண்தான் விழும். வலசைப் பறவைகள் புரட்டாதி, ஐப்பசியில் வந்து பங்குனி, சித்திரையில் திரும்புகின்றன. மத்திய ஆசிய வான்வழி என்ற வலசைப் பாதையில் தெற்கே இறங்கும் பறவைகளுக்கு இலங்கைதான் கடைசித் தரிப்பிடம். இங்கிருந்து தெற்கே பெருங்கடல்.

இரண்டாவது, கூட வருபவர்கள். முழங்கால் நோகிற அம்மம்மாவும் நாலு வயதுப் பேரனும் ஒரே வாகனத்தில் வந்தால், பறவை எத்தனை என்பதைவிடக் கழிப்பறை எங்கே என்பதே அந்த நாளைத் தீர்மானிக்கும். நிழல், குடிநீர், சாப்பாடு, இருக்க ஓர் இடம் ஆகிய நாலையும் வெட்கப்படாமல் முதலிலேயே கேளுங்கள்.

மூன்றாவது, சட்டப்படி அந்த இடம் என்ன என்பது. தேசிய பூங்கா என்றால் விதி உண்டு, அனுமதிச்சீட்டு உண்டு. கோயிலடி என்றால் வேறு ஒழுங்கு. வயல்வெளி என்றால் அது ஒரு கமக்காரரின் வேலைத்தலம். நான்காவதாகத்தான் செலவு. அதில் வாகனக் கூலி மட்டுமே எல்லோர் கண்ணுக்கும் படுகிறது. மிச்சத்தை அந்தந்த இடத்திலேயே சொல்கிறேன்.

## சுண்டிக்குளம்

மூன்றில் இயற்கை அழகுக்கு முதலிடம் இதற்குத்தான். அதில் எனக்கு இரண்டாம் எண்ணம் இல்லை.

கனகராயன் ஆறு வன்னிக் காடுகளில் தொடங்கி வடக்கே வந்து இரணைமடுக் குளத்தில் தேங்குகிறது. வயல்களுக்குப் போனது போக மிச்சத் தண்ணீர் வந்து சேரும் இடம் சுண்டிக்குளம் கடல்நீரேரி. நெத்தலியாறும் இதில்தான் கலக்கிறது. ஒரு பக்கம் ஆற்று நீர், மறுபக்கம் மணல் திட்டுக்கு அப்பால் வங்கக் கடல், நடுவே ஆழமில்லாத பரந்த ஏரி, கரையில் பனையும் தாழையும் கண்டலும். உவரும் நன்னீரும் மாறி மாறி ஆளுகிற இப்படியான இடத்தில் பறவைக்கு இரை குறையாது.

1937இல் வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் வந்தது. மறு ஆண்டே, 1938இல், சுண்டிக்குளம் பறவைகள் சரணாலயமானது. 2015 ஜூனில் அது தேசிய பூங்காவாயிற்று. பரப்பு 19,500 ஹெக்டேயருக்குச் சற்று மேல். போகிறவருக்கு இந்தத் தரமாற்றம் முக்கியம். சரணாலயத்துக்குள் அனுமதிச்சீட்டு இல்லாமல் நடக்கலாம், தனியார் காணியும் இருக்கலாம். தேசிய பூங்காவுக்குள் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதியோடுதான் நுழையலாம். ஊரவரின் தொழிலும் காணியும் இந்த எல்லைக்குள் அகப்பட்ட மனக்குறையும் அங்கே உண்டு. மீன்பிடி வாடியில் நிற்பவர்களோடு பேசும்போது அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் நமக்கு முன்பே அந்தத் தண்ணீரோடு வாழ்கிறவர்கள்.

எல்லோரும் பார்க்க விரும்புவது பூநாரைகளை. இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. இரணைமடு வான்கதவு திறந்தது என்ற செய்தி வந்ததும் தண்ணீர் பார்க்க ஓடுகிறவர்கள் தண்ணீரை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவார்கள். பூநாரை ஆழ்ந்த வெள்ளத்தில் மேய்வதில்லை. அலகைத் தலைகீழாகத் தாழ்த்தி, சேற்று நீரை வடித்து, அதிலுள்ள பாசியையும் நுண்ணிய இறால் இனங்களையும் தின்னும் பறவை அது. அதற்குக் கால் நிலத்தில் ஊன்ற வேண்டும், நீரில் உப்பும் வேண்டும். வெள்ளம் வடிந்து, மழை ஓய்ந்து சில கிழமைகள் கழிந்து, கரையோரம் சேறு வெளித்தெரியத் தொடங்கும் தை, மாசியே அதற்கான காலம். எந்த ஆண்டிலும் அவை வந்தே தீரும் என்று ஒருவரும் உறுதி தர முடியாது. ஆனால் ஊசிவால் வாத்து, நீலச்சிறகி, கருவால் மூக்கன், நெடுங்கால் உள்ளான், கூழைக்கடா, மஞ்சள் மூக்கு நாரை, கரண்டிவாயன் என்று கண்ணுக்கு வேலை இருந்துகொண்டே இருக்கும்.

போக இரண்டு வழி. ஏ9 வீதியில் புதுக்காட்டுச் சந்தியில் திரும்பி, மருதங்கேணிக்குப் போய், கடலோரமாக உடுத்துறை, ஆழியவளை, வெற்றிலைக்கேணி, கட்டைக்காடு தாண்டிப் போவது ஒன்று. பரந்தனில் முல்லைத்தீவு வீதிக்குத் திரும்பி, தருமபுரத்தில் வடக்கே இறங்குவது மற்றது. எப்படிப் போனாலும் நகரிலிருந்து எழுபது கிலோமீற்றர் அளவில் வரும். எனக்குக் கடலோர வழிதான் விருப்பம். 2004 சுனாமியில் அந்தக் கரை முழுவதும் அடிபட்டது. உடுத்துறையில் நினைவாலயம் இருக்கிறது. அதைத் தாண்டிப் போகும்போது வாகனத்தில் பாட்டை நிறுத்துங்கள். டிசம்பர் 26 அன்று அந்தப் பக்கம் உல்லாசமாகப் போகவே வேண்டாம். அன்று அங்கே ஒவ்வொரு வீட்டிலும் துக்கம்.

கணக்கில் வராத செலவுகள் இங்கேதான் அதிகம். தாழ்ந்த கார் மணலில் புதையும். உயரமான வான் அல்லது பிக்கப் பிடிக்க வேண்டும், கூலி அதற்கேற்பக் கூடும். எண்ணெயைப் பள்ளைக்குள் நிரப்பிவிடுங்கள். சாப்பாடும் தண்ணீரும் வீட்டிலிருந்து போக வேண்டும். ஆளுக்கு இரண்டு லீற்றர் தண்ணீர் என்று கணக்கு வைத்தாலும் அது மிகையாகாது. வெளிநாட்டுக் கடவுச்சீட்டில் வருகிறவர்களுக்கு நமது தேசிய பூங்காக்களில் கட்டணம் வேறு, நமக்கு அறவிடுவதைவிடப் பல மடங்கு. ஐந்து பேர் வந்தால் அது வாகனக் கூலியையே தொட்டுவிடும். இரட்டைக் குடியுரிமை உள்ளவர்கள் தேசிய அடையாள அட்டையை மறக்காமல் கொண்டு போகவும். ட்ரோன் பறக்கவிட நினைக்கும் பெடியளுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள்: தனி அனுமதி இல்லாமல் கூடாது, அனுமதி இருந்தாலும் பறவைக் கூட்டத்துக்கு மேலே கூடாது.

இன்னும் இரண்டு விடயங்களில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனையிறவு, முகமாலை, சுண்டிக்குளம் பகுதிகள் நெடுங்காலம் போர்முனையாக இருந்தவை. வாகனத் தடமும் கால் தடமும் உள்ள பாதையை விட்டு விலகாதீர்கள். மிதிவெடிப் பலகை கண்ட இடத்தில் திரும்பிவிடுங்கள். பற்றைக்குள் ஒதுங்கப் போகும் பிள்ளைக்குப் பின்னால் பெரியவர் ஒருவர் போக வேண்டும். மற்றது, ஏரியில் முதலை உண்டு. குளிக்க இறங்கும் இடம் அல்ல அது.

பறவைக்கு எவ்வளவு கிட்டப் போகலாம் என்று கேட்டால், அதைப் பறவையே சொல்லும். மேய்ந்துகொண்டிருக்கும் பூநாரைகள் தலையைத் தூக்கி, எல்லாம் ஒரே திசையில் நடக்கத் தொடங்கினால் நீங்கள் எல்லையைத் தாண்டிவிட்டீர்கள். அங்கேயே நின்றுவிடுங்கள், முடிந்தால் நாலு அடி பின்னே வாருங்கள். படத்துக்காகக் கைதட்டிக் கூட்டத்தைக் கிளப்புகிறவர்களைக் காணும்போது எனக்கு நெஞ்சு பதறும். ஆயிரக்கணக்கான மைல் பறந்து வந்த வாத்துகளும் மூக்கன்களும் பங்குனியில் திரும்பிப் பறக்கத் தேவையான கொழுப்பை இந்தச் சில மாதங்களில் சேர்த்தாக வேண்டும். வீணாகக் கிளப்பிவிடும் ஒவ்வொரு தடவையும் அதில் ஒரு பங்கு கரைகிறது.

சுண்டிக்குளம் யாருக்கு: விடிய முன் எழும்பிப் புறப்படச் சம்மதிப்பவர்களுக்கு, ஒரு மணித்தியாலம் பேசாமல் இருக்கக்கூடிய பிள்ளைகளுக்கு, உயர்தர வகுப்பு உயிரியல் மாணவர்களுக்கு, தொலைநோக்கி வைத்திருப்பவர்களுக்கு. சிறு குழந்தைகளோடும் நடக்க மாட்டாத முதியவர்களோடும் போவதை நான் ஊக்கப்படுத்துவதில்லை.

## தொண்டைமானாறு

நகரிலிருந்து கோப்பாய், அச்சுவேலி வழியே ஏறத்தாழ 25 கிலோமீற்றர். பேருந்திலும் போகலாம். வலிகாமத்துக்கும் வடமராட்சிக்கும் நடுவே கிடக்கும் கடல்நீரேரி வடகடலைச் சந்திக்கும் வாய் இது. சோழத் தளபதி கருணாகரத் தொண்டைமான் உப்புக் கொண்டுபோக வெட்டுவித்தான் என்பது வழிவழியாக வரும் கதை. கரையில் செல்வச்சந்நிதி முருகன். வாய் கட்டிப் பூசை செய்யும் மரபும் ஓயாத அன்னதானமும் அந்தக் கோயிலின் அடையாளம். அன்னதானக் கந்தன் என்றே சொல்வார்கள்.

சுண்டிக்குளத்தோடு இதற்கு ஒரு தொடர்பு உண்டு, பலருக்குத் தெரியாதது. கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் பொறியியலாளர் ஆறுமுகம் 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' என்ற திட்டத்தை முன்வைத்தார். ஆனையிறவுப் பக்கத்துக் கடல்நீரேரியைக் கடலிலிருந்து தடுத்து, கனகராயன் ஆற்றின் மிச்ச நீரைத் தேக்கி, முள்ளியான் பக்கம் ஒரு கால்வாய் வெட்டி, அதை இந்த வடமராட்சிக் கடல்நீரேரிக்குள் விட்டு, படிப்படியாக உப்பைக் கழுவிக் கிணறுகளை நன்னீராக்குவது அவர் எண்ணம். தொண்டைமானாற்றுத் தடுப்பணை அந்த எண்ணத்தின் ஓர் அங்கம்: மாரியில் கதவைத் திறந்து வெள்ளத்தைக் கடலுக்கு விட வேண்டும், கோடையில் மூடி உப்பு நீரை உள்ளே வராமல் மறிக்க வேண்டும். திட்டம் முழுமை பெறவில்லை. அணையில் நின்று ஒரு பக்கம் அலையையும் மறுபக்கம் அசையாத நீரையும் பார்க்கிற பிள்ளைக்கு இதைச் சொல்லிக்கொடுங்கள். நமது கிணற்றுத் தண்ணீரின் கதை அங்கே கண்முன்னே நிற்கிறது.

பறவை இங்கே கூட்டமாக இராது. கொக்கு, நீர்க்காகம், மீன்கொத்தி, ஆலா, மாரியில் சில வாத்துகள். அணையடியில் தூண்டில் போடுகிறவர்களும், ஏரிக்குள் இறால் பிடிக்கிறவர்களும், செம்பருந்தும் ஒரே மீனுக்குக் காத்திருப்பதைப் பார்க்கலாம். இந்தப் பின்னேரக் காட்சி எனக்கு அலுத்ததே இல்லை. கோயில் வீதியில் மர நிழல், மடங்களில் சாப்பாடு, தண்ணீர், கழிப்பறை, தேத்தண்ணீர்க் கடை எல்லாம் கைக்கெட்டிய தூரத்தில். அம்மம்மா கோயிலில் இருக்க, பிள்ளைகள் கரையில் நிற்க, பெரியவர்கள் இரண்டுக்கும் இடையே நடக்க, ஒருவருக்கும் ஒரு குறையும் வராது.

இங்கே கொடுக்கும் விலை அமைதி. வெள்ளிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் சனம் அதிகம். ஆவணித் திருவிழாக் காலத்தில் ஆற்றங்கரையைப் பார்க்கவே முடியாது. மச்சச் சாப்பாட்டுப் பொதியோடு கோயிலடிக்கு வரக்கூடாது என்பதை வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு முன்பே சொல்லிவிடுங்கள். மாரியில் வான்கதவு திறந்திருக்கும்போது அணைக்குக் கிட்ட நீர் இழுக்கும். மேலே தெரியும் அமைதியை நம்பி ஒருவரையும் இறங்க விடாதீர்கள்.

தொண்டைமானாறு யாருக்கு: மூன்று தலைமுறை ஒன்றாக வரும் குடும்பத்துக்கு, அரை நாள்தான் உண்டு என்பவர்களுக்கு, சொந்த வாகனம் இல்லாதவர்களுக்கு, ஆரம்பப் பிரிவு வகுப்புப் பிள்ளைகளுக்கு.

## வழுக்கையாறு

தெல்லிப்பழை, அளவெட்டிப் பக்கத்து மழைநீர் கந்தரோடை, சண்டிலிப்பாய், நவாலி வயல்வெளிகளூடாக வந்து அராலியில் கடல்நீரேரியில் விழுகிறது. குடாநாட்டுக்குள் ஆறு என்று சொல்லத்தக்க ஓட்டம் இது ஒன்றுதான். அதுவும் நல்ல மழைக்குப் பின் சில கிழமைகளுக்கு. மற்றக் காலத்தில் வந்தால் புல் முளைத்த ஒரு பள்ளத்தைக் காண்பீர்கள்.

சீட்டு இல்லை, வாசல் இல்லை. சைக்கிளில் விடியற்காலை போய், பச்சை நெல்லுக்கு நடுவே ஓடும் நீரைப் பார்த்துக்கொண்டு, கந்தரோடையின் பழைய சிறு தூபிகளையும் கண்டுவிட்டுப் பத்து மணிக்குள் வீடு திரும்பலாம். அராலிப் பாலத்தடியிலும் கல்லுண்டாய் வெளியிலும் கரைப்பறவைகள் நிற்கும். கல்லுண்டாயில் குப்பை மேட்டின் புகையும் நாற்றமும் காற்றோடு வரும். பறவைகள் அதன் அருகிலேயே மேய்வதைப் பார்க்க மனம் நோகிறது. பாதுகாக்கப்படாத ஒரு நீர்நிலைக்கு என்ன நேரும் என்பதைச் சுண்டிக்குளம் பார்த்த கண்ணோடு இங்கே வந்து பார்த்தால் விளங்கும்.

ஒரு செலவு மட்டும் இங்கே பெரியது. காலில் கீறலோடு வயல் வெள்ளத்தில் இறங்குவதால் எலிக்காய்ச்சல் வரலாம். 2024 மார்கழியில் யாழ்ப்பாண மாவட்டத்தில் அது உயிர்களைக் கொண்டுபோனது. பிள்ளைகளை வரம்பில் நிறுத்துங்கள், வெறுங்காலோடு தண்ணீரில் விடாதீர்கள். வரம்பும் நடைபாதை அல்ல. வயல்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ஏறுங்கள்.

வழுக்கையாறு யாருக்கு: உள்ளூரில் இருப்பவர்களுக்கு, சைக்கிள்காரருக்கு, மழை விட்ட மறுநாள் காலை வெறுமையாகக் கிடைத்தவர்களுக்கு.

## பக்கத்தில் வைத்துப் பார்க்க

| | சுண்டிக்குளம் | தொண்டைமானாறு | வழுக்கையாறு |
|---|---|---|---|
| நல்ல காலம் | தை, மாசி | கார்த்திகை முதல் பங்குனி வரை. பின்னேரம் என்றால் எப்போதும் | மழைக்குப் பின் சில கிழமைகள் |
| தேவையான நேரம் | முழு நாள் | அரை நாள் | ஒரு காலை |
| வாகனம் | உயரமான வான், பிக்கப் | பேருந்து, ஓட்டோ, எதுவும் | சைக்கிள், மோட்டார் சைக்கிள் |
| சாப்பாடு, கழிப்பறை | வீட்டிலிருந்து. வசதி குறைவு | உண்டு | இல்லை. வீடு கிட்ட |
| சட்ட நிலை | தேசிய பூங்கா | கோயிலும் நீர்ப்பாசன அணையும் | வயல்வெளி |
| கவனம் | மிதிவெடி, முதலை, வெயில் | அணையடி நீரோட்டம், சன நெரிசல் | எலிக்காய்ச்சல் |

நெடுந்தீவைச் சேர்க்கவில்லையே என்று கேட்பார்கள். அதுவும் 2015இல் தேசிய பூங்கா பெற்ற இடம்தான். ஆனால் குதிரைகளும் கல் வேலிகளும் பார்க்கப் போகும் பயணம் அது, குறிகட்டுவானிலிருந்து படகு நேரத்துக்குக் கட்டுப்பட்டது, ஆறும் இல்லை. மன்னார் வங்காலை 2010 முதல் ராம்சர் ஈரநிலம், அதாவது ராம்சர் என்ற சர்வதேச உடன்படிக்கையின் பட்டியலில் உள்ள ஈரநிலம். பறவைக்கு மிக நல்ல இடம், ஆனால் யாழ்ப்பாணத்திலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்பினால் அலைச்சல்தான் மிஞ்சும். மன்னாரில் ஓர் இரவு தங்க முடிந்தால் தாராளமாகப் போங்கள்.

## நான் என்றால்

தை மாதம், திடமான ஆட்கள், ஒரே ஒரு நாள் என்றால் சுண்டிக்குளம். காலை நாலரைக்குப் புறப்பட்டு, வெயில் ஏறமுன் கரையில் நின்று, பதினொரு மணிக்குள் வெளியே வந்துவிடுவேன். திரும்பும்போது பரந்தன் வழியைப் பிடித்தால் ஆனையிறவில் வாகனத்தை ஓரங்கட்டி வீதியின் இரு பக்கமும் பார்க்கலாம். பூங்காவுக்குள் கிடைக்காத பறவை சில நாள் அங்கே வீதியோரம் நிற்கும். வயது போனவர்கள் கூட வருகிறார்கள் என்றால் யோசனையே வேண்டாம், பின்னேரம் மூன்று மணிக்குத் தொண்டைமானாறு, வெள்ளியும் ஞாயிறும் தவிர்த்து. குடும்பத்தில் இரண்டு அணி இருந்தால் இரண்டு நாளாகப் பிரியுங்கள். சுண்டிக்குளத்துக்கு இளசுகள், சந்நிதிக்கு எல்லோரும். ஒரே நாளில் இரண்டையும் இணைக்கப் பார்த்தால் இரண்டு இடத்திலும் நண்பகல் வெயில்தான் கிடைக்கும்.

மார்கழி விடுமுறை மட்டுமே உண்டு, தைவரை நிற்க முடியாது என்பவர்கள் சுண்டிக்குளத்தைக் கடைசி நாட்களுக்குத் தள்ளி வையுங்கள். இரணைமடு வான்கதவு திறந்திருக்கிறதா என்று செய்தியைப் பாருங்கள். திறந்திருந்தால் அந்தக் கிழமை வேண்டாம், தாழ்ந்த பாதைகளில் வெள்ளம் நிற்கும். அந்தக் கிழமையில் வழுக்கையாறு தன் முழு ஓட்டத்தோடு வீட்டுக்கு அருகிலேயே இருக்கும். ஆடி விடுமுறைக்கு வருகிறவர்களுக்கு நான் சுண்டிக்குளத்தைச் சொல்வதே இல்லை. போக முன் திணைக்கள அலுவலகத்துக்கு ஒரு தொலைபேசி அழைப்பு எடுத்து, எந்த வாசல் திறந்திருக்கிறது, கட்டணம் எவ்வளவு, பாதை காய்ந்துவிட்டதா என்று மூன்றையும் கேட்டுவிட்டு வாகனத்துக்கு முற்பணம் கொடுங்கள்.